தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் நிற்கும் ஃபைபர்: விதிமுறை தடையா, துணையா?

#1 | பாதிவழி

எங்கள் குடியிருப்பிலிருந்து நானூறு மீட்டர் தள்ளி ஒரு ரயில் பாதை போகிறது. அதற்கு அந்தப் பக்கம் ஃபைபர் வந்து பதினான்கு மாதம் ஆகிறது. இந்தப் பக்கம் இன்னும் பழைய செம்புக் கம்பிதான். மழை பிடித்தால் அதுவும் இரைய ஆரம்பித்துவிடும்.

சேவை நிறுவனத்தைக் கேட்டால் "அனுமதி வரவில்லை" என்கிறார்கள். பாதைக்குப் பொறுப்பான அலுவலகத்தில் கேட்டால் "எங்களிடம் எதுவும் நிலுவையில் இல்லை" என்கிறார்கள். தண்டவாளத்துக்கு இந்தப் பக்கம் ஒரு ஆரஞ்சுக் குழாயின் நுனி மண்ணிலிருந்து ஒரு சாண் நீட்டிக்கொண்டிருக்கிறது, வாயைப் பிளாஸ்டிக் பையால் கட்டி வைத்திருக்கிறார்கள். தினமும் அதைப் பார்த்துக்கொண்டுதான் வேலைக்குப் போகிறேன்.

என் கேள்வி இதுதான். இணையமும் மொபைலும் மெதுவாகப் பரவுவதற்கு அரசு விதிகள் காரணமா? அல்லது விதி இருப்பதால்தான் இந்த அளவுக்காவது வந்திருக்கிறதா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

#2 | திறந்தவெளி

இதில் யோசிக்க என்ன இருக்கிறது? அரசு ஒதுங்கி நின்றால் ஆறே மாதத்தில் உங்கள் வாசலுக்கு வந்துவிடும்.

மொபைலையே எடுத்துக்கொள்ளுங்கள். 2000-ல் பிரிட்டன் 3ஜி ஏலத்தில் சுமார் 2,250 கோடி பவுண்டு வசூலித்தது. சில மாதங்கள் கழித்து ஜெர்மனி 5,000 கோடி யூரோவுக்கும் மேல். ஜெர்மனியில் ஆறு பேர் உரிமம் எடுத்தார்கள், அதில் இரண்டு நிறுவனங்கள் வலையமைப்பை முழுதாகக் கட்டாமலே கடையை மூடிவிட்டன. கோபுரத்துக்குப் போக வேண்டிய பணம் கஜானாவுக்குப் போனால் கோபுரம் எங்கிருந்து வரும்?

#3 | பழைய ரேடியோ

நான் பணிக்காலம் முழுவதும் அலைவரிசைத் திட்டமிடலில் இருந்தவன். திறந்தவெளி தம்பி சொல்வதில் பாதி சரி.

ஆனால் "அரசு ஒதுங்கட்டும்" என்பது ரேடியோவில் செல்லாது. ஒரே ஊரில் இரண்டு பேர் ஒரே அலைவரிசையில் ஒலிபரப்பினால் இரண்டு பேருக்கும் இரைச்சல்தான் மிஞ்சும். யாருக்கு எந்த அலைவரிசை, எவ்வளவு திறன் என்று ஒருவர் சொல்லித்தான் ஆக வேண்டும்.

அரசே இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கும் ஒரு நாடு இருக்கிறது. 1991-க்குப் பிறகு சோமாலியாவில் மத்திய அரசு என்று ஒன்று இல்லாமல் போயிற்று. ஆனாலும் தனியார் நிறுவனங்கள் மளமளவென்று கோபுரங்களை நட்டன. அழைப்புக் கட்டணமும் மலிவு. இதுவரை உங்கள் கட்சிக்குச் சாதகம். ஆனால் நெடுங்காலம் ஒரு நிறுவனத்தின் எண்ணிலிருந்து இன்னொரு நிறுவனத்தின் எண்ணை அழைக்க முடியவில்லை. "நீங்கள் ஒருவரோடொருவர் இணைந்தே ஆக வேண்டும்" என்று கட்டளையிட அப்போது அங்கே ஆள் இல்லை. தொழில் செய்பவர்கள் பையில் இரண்டு மூன்று சிம் வைத்துக்கொண்டு அலைந்தார்கள்.

#4 | திறந்தவெளி

ஐயா, அலைவரிசையைப் பங்கு போட ஒரு ஆள் வேண்டும், ஒப்புக்கொள்கிறேன். அதற்கு ஏன் இந்த விலை என்றுதான் கேட்கிறேன். பின்லாந்து 1999-லேயே 3ஜி உரிமத்தை ஏலம் இல்லாமல் கொடுத்தது. அந்த நாடு எவ்வளவு முன்னேறிவிட்டது பாருங்கள்.

#5 | பழைய ரேடியோ

அந்த உதாரணம் உங்களுக்கே எதிராகத் திரும்பும். பின்லாந்தில் முழு அளவிலான 3ஜி வணிகச் சேவை தொடங்கியது 2004-ன் கடைசியில். கொள்ளை விலை கொடுத்த பிரிட்டனில் 2003 மார்ச்சிலேயே ஒரு நிறுவனம் தொடங்கிவிட்டது. அந்தக் காலத்தில் எல்லாரையும் இழுத்துப் பிடித்தது கைப்பேசி. ஒழுங்காக வேலை செய்யும் 3ஜி கைப்பேசியே சந்தையில் இல்லை. உரிமத்தைச் சும்மா கொடுத்தாலும் சரி, விற்றாலும் சரி, பேச ஒரு கருவி வேண்டுமே.

பின்லாந்து உண்மையில் முந்தியது வேறு ஒரு விஷயத்தில். 2007-ல் 900 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் 3ஜி ஓட்ட அனுமதித்தார்கள், உலகில் முதலில் அங்கேதான் அது வணிகச் சேவையாக வந்தது. அலைவரிசை எண் எவ்வளவு குறைவோ அவ்வளவு தூரம் அலை போகும். 3ஜி வழக்கமாக ஓடிய 2100 மெகாஹெர்ட்ஸில் பல கோபுரங்கள் செய்யும் வேலையை 900 மெகாஹெர்ட்ஸில் சில கோபுரங்களே செய்துவிடும். மக்கள் நெருக்கம் குறைந்த நாட்டுக்கு அது பெரிய லாபம்.

இதில் ஒரு வேடிக்கை. ஐரோப்பாவில் 900-ஐ ஜிஎஸ்எம் என்ற 2ஜி கைப்பேசித் தொழில்நுட்பத்துக்கென்றே ஒதுக்கி வைத்தது 1987-ல் வந்த ஒரு விதி. அந்த விதி இல்லாவிட்டால் ஒரு நாட்டுக் கைப்பேசி பக்கத்து நாட்டில் வேலை செய்திருக்காது, ஜிஎஸ்எம் உலகம் முழுக்கப் பரவியும் இருக்காது. அதே விதிதான் இருபது வருடம் கழித்து 3ஜிக்குக் குறுக்கே படுத்துக்கொண்டது. 2009-ல் திருத்தினார்கள். விதி போடும்போது காட்டும் அக்கறையில் கால்வாசி அதை எடுப்பதிலும் இருந்தால் நன்றாக இருக்கும்.

#6 | இரவுப்பணி

தொடக்கப் பதிவில் கேட்டது ஃபைபர். பேச்சு பின்லாந்துக்குப் போய்விட்டது :)

#7 | குழிதோண்டி

நான் ஃபைபர் பதிக்கும் வேலையில் அனுமதி வாங்கித் தரும் பிரிவில் இருக்கிறேன். கோபுரத்துக்கும் சில காலம் அலைந்திருக்கிறேன். பாதிவழி, உங்கள் ஆரஞ்சுக் குழாயைப் பார்க்காமலே அதன் கதையைச் சொல்லட்டுமா?

ஒரு கிலோமீட்டர் ஃபைபர் பதிப்பதில் தோண்டும் வேலை சில நாள்தான். மண் நன்றாக இருந்தால் இன்னும் சீக்கிரம். அதற்கு முன்னால் நடக்கும் காகித வேலை பல மாதம். ஒரே தெருவில் சாலை ஒருவருக்குச் சொந்தம், ஓரத்துச் சாக்கடை இன்னொருவருக்கு, மின்கம்பம் மூன்றாமவருக்கு, குறுக்கே போகும் வாய்க்கால் நான்காமவருக்கு. எல்லாருக்கும் தனித்தனி விண்ணப்பம், தனித்தனி வரைபடம், தனித்தனி வைப்புத்தொகை. ஒருவர் கேட்கும் அளவுகோலில் போட்ட படத்தை இன்னொருவர் ஏற்க மாட்டார். எட்டுக் கிலோமீட்டர் வழித்தடம் ஒன்றுக்கு நான் கொடுத்த காகிதக் கட்டு ஒரு ஆள் தூக்கும் கனம் இருந்தது.

இத்தனை இருந்தும் நான் விதியைத் திட்ட மாட்டேன். "இல்லை" என்று எழுதிக் கொடுத்தால் வேறு வழித்தடம் பார்ப்போம், படத்தைத் திருத்துவோம், மேலே முறையிடுவோம். பதிலே வராவிட்டால் எதுவும் செய்ய முடியாது. மேலதிகாரியிடம் போனால் "இன்னும் முடிவெடுக்கவில்லையே, எதை எதிர்த்து முறையிடுகிறாய்?" என்பார். என் அனுபவத்தில் திட்டங்களைக் கொல்வது மறுப்பு இல்லை, மௌனம்தான்.

உங்கள் இடத்தில் என்ன நடந்திருக்கும் என்றால், ரயில் பாதையைக் கடக்கும் அனுமதியை நம்பி இரண்டு பக்கமும் குழாயைப் பதித்து வைத்திருப்பார்கள். நடுவில் இருக்கும் சில மீட்டருக்குத்தான் ஃபைல் எங்கோ கிடக்கிறது. தண்டவாளத்தை வெட்ட விட மாட்டார்கள். கீழே துளையிட்டு, எஃகு உறை செருகி, அதற்குள்தான் குழாய் போக வேண்டும். அந்த நிபந்தனை நியாயமானதுதான். மேலே ரயில் ஓடுகிறது.

#8 | பாதிவழி

குழிதோண்டி அண்ணா, அப்படியே நேரில் பார்த்த மாதிரி சொல்கிறீர்கள். "நிலுவையில் இல்லை" என்று சொன்னார்களே, அதற்கு என்ன அர்த்தம்?

#9 | குழிதோண்டி

மூன்று அர்த்தம் உண்டு. விண்ணப்பமே போடவில்லை. அல்லது போட்டதைக் குறை சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார்கள், நிறுவனத்தில் யாரும் எடுத்துப் பார்க்கவில்லை. அல்லது வேறு கிளை அலுவலகத்தில் கிடக்கிறது. இரண்டாவதுதான் அடிக்கடி நடக்கும். விண்ணப்ப எண்ணைக் கேளுங்கள். எண் இல்லாமல் யார் சொல்வதையும் நம்பாதீர்கள்.

#10 | மறுபக்கம்

எல்லாரும் அலுவலகத்தைத் திட்டுவதால் நான் அந்தப் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். உள்ளாட்சிப் பொறியியல் பிரிவில் பல வருடம் இருந்தேன்.

புதிதாகப் போட்ட சாலை. பதினைந்தே நாளில் ஒரு நிறுவனம் தோண்டியது. மூடியபோது மண்ணை அடுக்கடுக்காக இடிக்கவில்லை, அள்ளிக் கொட்டி மேலே ஒரு பூச்சுப் பூசிவிட்டுப் போய்விட்டார்கள். முதல் மழைக்கே நீளமாக உள்வாங்கிவிட்டது. அதில் ஒருவர் விழுந்து கை முறிந்தது. மக்கள் வந்து கத்தியது எங்களிடம்தான். அடுத்த மாதம் இரண்டாவது நிறுவனம் அதே தெருவுக்கு விண்ணப்பம் போட்டது. அந்த ஃபைலில் கையெழுத்துப் போட எனக்குக் கை வரவில்லை என்றால் அது சோம்பலா?

"தொண்ணூறு நாளில் முடிவெடு" என்று மேலே இருப்பவர்கள் எழுதிவிடலாம். கீழே முந்நூறு விண்ணப்பத்துக்கு ஒரு பொறியாளர், ஒரு அளவு நாடா.

#11 | குழிதோண்டி

மறுபக்கம் சார், நீங்கள் சொல்வது நூற்றுக்கு நூறு உண்மை. எங்கள் தொழிலில் மூடும் வேலையை ஒப்பந்தக்காரரின் ஒப்பந்தக்காரர் செய்கிறார். அங்கேதான் நாறுகிறது. ஆனால் "கை வரவில்லை" என்று நீங்கள் வைத்திருந்த அந்த ஃபைல்தான் நான் மேலே சொன்ன மௌனம். "முந்தைய குழியைச் சரிசெய்தால்தான் அடுத்த அனுமதி" என்று ஒரு வரி எழுதியிருந்தால் எங்கள் மேலாளரை நானே மிரட்டியிருப்பேன்.

கெடு வைப்பதும் உதவியிருக்கிறது. அமெரிக்காவில் 2009-ல் தகவல்தொடர்பு ஆணையம் ஒரு கெடு கொண்டுவந்தது: ஏற்கெனவே நிற்கும் கோபுரத்தில் கூடுதல் ஆன்டெனா வைக்க 90 நாள், புதிய கோபுரத்துக்கு 150 நாள். 2018-ல் சிறிய செல்களுக்கு, அதாவது கம்பத்தில் மாட்டும் குட்டி ஆன்டெனாப் பெட்டிகளுக்கு, அதை 60, 90 என்று குறைத்தார்கள். விளக்குக் கம்பத்தில் மாட்டும் ஒரு பெட்டிக்கு ஆண்டுக்கு 270 டாலர்வரை வசூலித்தால் நியாயமான கட்டணமாக எடுத்துக்கொள்ளலாம் என்றும் சொன்னார்கள். நகரங்கள் வழக்குப் போட்டன. 2020-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் பெரும்பகுதியை ஏற்றுக்கொண்டது.

இந்தியாவில் 2016-ல் வந்த வழியுரிமை விதிகள் (அடுத்தவர் இடத்தின் வழியே கம்பி கொண்டுபோக அனுமதி பெறும் விதிகள்) இன்னும் ஒரு படி மேலே போயின. 60 நாளில் பதில் வராவிட்டால் அனுமதி கிடைத்ததாகவே கொள்ளலாம் என்று அவை சொல்லின. காகிதத்தில் அருமை. ஆனால் கையில் எழுத்துபூர்வமான தாள் இல்லாமல் சாலையில் இயந்திரத்தை இறக்கிப் பாருங்கள். தடுக்க வருபவரிடம் "சட்டப்படி அனுமதி வந்ததாகக் கருதப்படுகிறது" என்று நின்று விளக்கிக்கொண்டிருக்க வேண்டும். எந்த ஒப்பந்தக்காரரும் அந்த வேலைக்கு வர மாட்டார்.

#12 | திறந்தவெளி

ஆக, கடைசியில் விதியைக் கொண்டு விதியைத் திருத்துகிறீர்கள். நான் சொன்னதும் அதுதானே.

#13 | குழிதோண்டி

ஆமாம், அதில் உங்களோடு எனக்குச் சண்டையே இல்லை. மேலே இருக்கும் அரசு கீழே இருக்கும் அரசுக்குப் போட்ட விதி அது. நிறுவனத்துக்குப் போட்டதில்லை.

#14 | வெயில்நேரம்

கதிர்வீச்சைப் பற்றி யாருமே பேசவில்லையே? எங்கள் மாடிக்கு எதிரே கோபுரம் வர விடாமல் தடுத்தவர்களில் நானும் ஒருத்தி. கட்டுப்பாடு வேண்டாம் என்று எப்படிச் சொல்கிறீர்கள்?

#15 | பழைய ரேடியோ

வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை அம்மா. அளவு எது என்பதில்தான் பேச்சு.

சர்வதேசப் பரிந்துரைப்படி 900 மெகாஹெர்ட்ஸில் பொதுமக்களுக்கான வரம்பு மீட்டருக்குச் சுமார் 41 வோல்ட். பிரஸ்ஸல்ஸ் நகரப் பகுதி அதை 6 வோல்ட் என்று வைத்திருந்தது. 2019-ல் அங்கே 5ஜி சோதனைத் திட்டம் இதனாலேயே நின்றுபோனது. பிற்பாடு வரம்பை உயர்த்தினார்கள். இத்தாலியும் நெடுங்காலம் 6-லேயே இருந்துவிட்டு 2024-ல் 15 ஆக்கியது. இந்தியா 2012-ல், அலையின் திறன் கணக்கில், சர்வதேச அளவில் பத்தில் ஒரு பங்காக வரம்பை இறக்கியது.

வரம்பைக் குறைத்தால் ஒரு கோபுரம் குறைந்த திறனில் பேசும். அதே பரப்பை நிரப்ப இன்னும் அதிகக் கோபுரம் வேண்டும். கோபுரம் வேண்டாம் என்று போட்ட விதி கோபுரங்களின் எண்ணிக்கையைக் கூட்டுகிறது! இன்னொன்று, கோபுரம் தள்ளிப் போகப் போக உங்கள் கைப்பேசி தன் திறனைக் கூட்டிக்கொள்ளும். காதோடு ஒட்டி வைத்துப் பேசுவது அதைத்தானே? பயம் உங்களுடையது, அதை மதிக்கிறேன். அளந்து பார்த்து எண்ணை வாசலில் ஒட்டச் சொல்லுங்கள். அந்தக் கோரிக்கைக்கு நானே கையெழுத்துப் போடுவேன்.

#16 | வெயில்நேரம்

அந்தக் காதுப் பக்கத்து விஷயம் எனக்குத் தெரியாது. யோசிக்கிறேன். ஆனால் அளவு வாசலில் ஒட்டப்படும்வரை என் கையெழுத்து எதிர்ப்புப் பக்கம்தான்.

#17 | இரவுப்பணி

இரண்டு அரசு அலுவலகங்கள் ஒன்றோடொன்று பேசாததால் என்ன நடக்கும் என்பதற்கு என் செல்ல உதாரணம் அமெரிக்காவின் சி பேண்ட். 3.7 முதல் 3.98 கிகாஹெர்ட்ஸ் வரையான அலைக்கற்றையை ஏலம் விட்டு 8,100 கோடி டாலர் பார்த்தது ஒரு அலுவலகம். விமானம் தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று அளக்கும் கருவி 4.2 முதல் 4.4 வரை வேலை செய்கிறது. நடுவில் இடைவெளி இருக்கிறது, ஆனால் சில பழைய கருவிகளுக்குத் தன் எல்லைக்கு வெளியே வரும் அலையை வடிகட்டத் தெரியாது. விமானப் பாதுகாப்பைப் பார்க்கும் இன்னொரு அலுவலகம் 2021 கடைசியில், சேவை தொடங்கவிருந்த நேரத்தில், ஆட்சேபித்துக் கையை உயர்த்தியது. 2022 ஜனவரியில் சேவை தொடங்கியபோது விமான நிலையங்களைச் சுற்றி கோபுரங்களை அணைத்து வைக்க வேண்டியதாயிற்று. பணமும் கட்டி, கோபுரமும் நட்டு, சுவிட்சை மட்டும் போடக் கூடாது.

இதை விதி அதிகம் என்பதா, குறைவு என்பதா? எனக்கு விளங்கவில்லை.

#18 | திறந்தவெளி

சரி, ஏலத்துக்கு வருகிறேன், அதற்கு யாரும் நேராகப் பதில் சொல்லவில்லை. இந்தியாவில் 700 மெகாஹெர்ட்ஸ். பழைய ரேடியோ ஐயா சொன்ன கணக்குப்படி தூரம் போகிற, கிராமத்துக்கு ஏற்ற அலை. 2016-ல் ஒரு மெகாஹெர்ட்ஸுக்கு 11,485 கோடி ரூபாய் அடிப்படை விலை வைத்தார்கள். ஒருவரும் கை வைக்கவில்லை. 2021-ல் 6,568 கோடி, அப்போதும் இல்லை. 2022-ல் 3,927 கோடிக்கு இறக்கிய பிறகுதான் ஒரே ஒரு தனியார் நிறுவனம் வாங்கியது. ஆறு வருடம் அந்த அலை யாருக்கும் பயன்படாமல் காற்றில் கிடந்தது. நிலத்தைத் தரிசாகப் போட்டால் அடுத்த வருடமாவது கூடுதலாக விளையும். அலைவரிசைக்கு அந்தக் கொடுப்பினையும் இல்லை. இதற்கு யார் பொறுப்பு?

#19 | பழைய ரேடியோ

இந்தச் சுற்றில் நான் உங்கள் பக்கம். அடிப்படை விலையைத் தப்பாக வைத்தது அரசு, அதற்குச் சப்பைக்கட்டு கட்ட மாட்டேன்.

ஆனால் விலையைத் தவிர வேறு எதைக் கேட்கலாம் என்று பாருங்கள். 2010-ல் ஜெர்மனி 800 மெகாஹெர்ட்ஸை ஏலம் விட்டபோது ஒரு நிபந்தனை வைத்தது. இணையம் இல்லாத சிற்றூர்களின் பட்டியலை மாநிலங்கள் தரும், ஐயாயிரம் பேருக்குக் குறைவான ஊர்களில் தொடங்கிப் படிப்படியாகத்தான் பெரிய நகரத்துக்கு வர வேண்டும். எப்போதும் நகரத்தில் தொடங்கி ஊருக்குப் போகாமலே நிற்கும் வண்டியை அப்படியே திருப்பி ஓட்டினார்கள். அந்த அலையில் 4ஜி சிற்றூர்களில்தான் முதலில் எரிந்தது.

பிரான்ஸ் 2018-ல் இன்னும் துணிந்தது. உரிமங்களைப் புதுப்பிக்கும்போது ஏலமே வேண்டாம், அதற்குப் பதில் ஒவ்வொரு நிறுவனமும் அலை எட்டாத இடங்களில் ஆயிரக்கணக்கில் கோபுரம் நட வேண்டும், பழைய தளங்களையெல்லாம் 4ஜிக்கு மாற்ற வேண்டும் என்று ஒப்பந்தம் போட்டது. காசாக வாங்க வேண்டியதைக் கோபுரமாக வாங்கிக்கொண்டது.

#20 | மறுபக்கம்

வாக்குறுதியை வாங்குவதிலும் வில்லங்கம் இருக்கிறது ஐயா. 2000-ல் சுவீடன் 3ஜியை ஏலம் விடாமல் "யார் அதிகப் பேருக்குச் சேவை கொடுக்கிறேன் என்கிறாரோ அவருக்கு" என்று ஒப்பிட்டுக் கொடுத்தது. நால்வரும் போட்டி போட்டுக்கொண்டு 2003 முடிவுக்குள் 88 லட்சத்து 60 ஆயிரம் பேருக்குச் சேவை என்று எழுதிக் கொடுத்தார்கள். அன்றைக்கு நாட்டின் மக்கள்தொகையே ஏறக்குறைய அவ்வளவுதான்! கெடு வந்தது, யாரும் எட்டவில்லை. கட்டட அனுமதி தாமதம் என்று எங்களைப் போன்ற உள்ளாட்சிகள்மேல் பழி போட்டார்கள். ஒரு நிறுவனம் நாட்டை விட்டே போய்விட்டது. ஏலத்தில் பணத்தை ஏற்றிச் சொன்னால் கட்டியாக வேண்டும். வாக்குறுதியை ஏற்றிச் சொன்னால் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்ற தைரியம்.

#21 | கணக்குப்பிள்ளை

வாசித்துக்கொண்டே இருந்தேன், ஒரு விஷயம் விட்டுப்போகிறது. எங்கே இணைப்பு இல்லை என்பதை யார் அளக்கிறார்கள்?

அமெரிக்காவில் நெடுங்காலம் நிறுவனங்களே ஒரு படிவத்தில் எழுதிக் கொடுத்தன. கணக்கெடுப்பு வட்டாரம் ஒன்றில் ஒரே ஒரு வீட்டுக்குச் சேவை இருந்தாலும், அல்லது தர முடியும் என்றாலும், மொத்த வட்டாரமும் "சேவை உள்ளது" என்று பதிவாகும். நகரத்தில் வட்டாரம் என்பது ஒரு தெருவளைவு, தப்பு சின்னதாக இருக்கும். கிராமப்புறத்தில் அது பல சதுர மைல் இருக்கலாம். சாலையோரப் பண்ணை வீட்டுக்கு இணைப்பு வந்ததும், மலைக்கு அப்பால் இருப்பவர் வரைபடத்திலிருந்து காணாமல் போனார். மானியமும் அவரைத் தாண்டிப் போய்விட்டது. 2020-ல் இதைத் திருத்த ஒரு சட்டம், 2022 நவம்பரில்தான் வீடு வீடாகக் காட்டும் புதிய வரைபடம்.

அதற்குள் 2021-ல் 4,245 கோடி டாலர் ஒதுக்கி ஒரு திட்டம் போட்டுவிட்டார்கள். வரைபடம், அதன்மேல் ஆட்சேபம், மாநிலத் திட்டம், அதற்கு ஒப்புதல் என்று படி ஏறி ஏறி, 2024 முடியும்வரை அந்தப் பணத்தில் ஒரு வீட்டுக்கும் இணைப்பு போகவில்லை. ஏன் அத்தனை படி? அதற்கு முந்தைய கிராமப்புற மானிய ஏலத்தில், 2020-ல், அவசரமாக 920 கோடி டாலரை அறிவித்து, வென்றவர்களில் பலர் கட்ட முடியாமல் கைவிட்டார்கள். சூடு பட்ட பூனை அடுத்த முறை பாலையும் ஊதிக் குடித்தது.

பாதிவழி, உங்கள் குடியிருப்பு வரைபடத்தில் எந்த நிறத்தில் இருக்கிறது என்று பாருங்கள். அந்தப் பக்கம் ஃபைபர் இருப்பதால் உங்களையும் சேர்த்து "உள்ளது" என்று போட்டிருந்தால் வேறு எந்த நிறுவனமும் மானியத்தில் வராது.

#22 | பாதிவழி

பார்த்துவிட்டேன். பச்சை. "அதிவேக இணைப்பு உள்ளது." இதை எழுதும்போது எங்கள் வீட்டு மோடத்தில் சிவப்பு விளக்கு.

#23 | குழிதோண்டி

ஒரு குறிப்பு, பிறகு மறந்துவிடுவேன். குழி தோண்டாமலே ஃபைபர் போடும் வழி ஒன்று உண்டு: ஏற்கெனவே மண்ணுக்குள் கிடக்கும் குழாயைப் பகிர்வது. ஸ்பெயினிலும் போர்ச்சுகலிலும் பழைய தொலைபேசி நிறுவனம் தன் குழாய்களை நியாய விலைக்குப் போட்டியாளர்களுக்குத் திறந்துவிட வேண்டும் என்று ஒழுங்குமுறை ஆணையம் கட்டாயப்படுத்தியது. ஐரோப்பாவில் ஃபைபர் மிகப் பரவலாக இருக்கும் நாடுகளில் அவை இரண்டும் உண்டு. ஜெர்மனி பழைய செம்பிலேயே வேகத்தைப் பிழிந்தெடுக்கும் தொழில்நுட்பத்துக்கு வழிவிட்டது, ஃபைபரில் வெகுவாகப் பின்தங்கியது. திறந்தவெளி சார், இது தனியார் சொத்தில் அரசு மூக்கை நுழைத்த விதி. ஆனால் எனக்குத் தெரிந்து இதைப் போல வேலையை வேகப்படுத்திய விதி வேறு இல்லை.

#24 | திறந்தவெளி

அந்தக் குழாய்களில் பெரும்பகுதி அரசு தந்த ஏகபோக உரிமையில், போட்டியே இல்லாத காலத்தில் பதித்தது. அதனால் இதை மட்டும் விட்டுத்தருகிறேன். ஆனால் நாளைக்கு நான் சொந்தக் காசில் பதித்தால் அதையும் திற என்பார்கள் என்றால் நான் ஏன் பதிக்கப் போகிறேன்?

அப்புறம் உங்கள் எல்லாருடைய உதாரணத்தையும் விடப் பெரிய உதாரணம் என்னிடம் இருக்கிறது. 1985-ல் அமெரிக்க ஆணையம், நுண்ணலை அடுப்பு மாதிரியான கருவிகளின் இரைச்சல் நிறைந்த, யாரும் விரும்பாத சில அலைவரிசைகளை உரிமம் இல்லாமல் பயன்படுத்தலாம் என்று திறந்துவிட்டது. அதில் ஒன்று 2.4 கிகாஹெர்ட்ஸ். வைஃபை அங்கேதான் பிறந்தது. இன்று இந்த இழையைப் படிப்பவர்களில் முக்கால்வாசிப் பேர் அதன் வழியாகத்தான் படிக்கிறீர்கள். ஏலம் இல்லை, விண்ணப்பம் இல்லை, ஃபைல் இல்லை.

#25 | பழைய ரேடியோ

அதிலும் திறனுக்கு ஒரு உச்சவரம்பு இருக்கிறது தம்பி. அதனால்தான் பக்கத்து வீட்டு வைஃபை உங்களுடையதை முழுங்காமல் இருக்கிறது. ஆனாலும் நல்ல உதாரணம். ஒரே ஒரு வரம்பு, அதற்குள் உன் இஷ்டம். இப்படி எழுதப்பட்ட விதி அபூர்வம்.

#26 | மட்டுறுத்துநர்

இணையச் சமநிலை (எல்லாத் தளங்களையும் சேவை நிறுவனம் ஒரே மாதிரி நடத்த வேண்டும் என்ற விதி) பற்றி வந்த ஏழு பதிவுகளைத் தனி இழைக்கு மாற்றியிருக்கிறேன். 2015-ல் போட்டு, 2017-ல் எடுத்து, 2024-ல் மறுபடி போட்டு, 2025 ஜனவரியில் நீதிமன்றம் தள்ளிய அமெரிக்கக் கதையை அங்கே தொடருங்கள். இங்கே குழியும் கோபுரமும் மட்டும்.

#27 | பாதிவழி

ஐந்து வாரம் கழித்து வருகிறேன். குழிதோண்டி அண்ணா சொன்னபடி விண்ணப்ப எண்ணைக் கேட்டேன். நிறுவனத்தில் மூன்று பேரிடம் கைமாற்றினார்கள். நான்காவதாக வந்த பெண் எண்ணைத் தேடி எடுத்துக் கொடுத்தார். அதை எடுத்துக்கொண்டு அந்த அலுவலகத்துக்குப் போனேன். எழுத்தர் பதிவேட்டைப் புரட்டி, "இது போன வருடமே திருப்பி அனுப்பியாயிற்றே" என்றார். நகல் கேட்டு எழுதிக் கொடுத்தேன். நேற்று தபாலில் வந்தது. இரண்டே வரி: தண்டவாள மட்டத்திலிருந்து உறைக்குழாயின் ஆழம் காட்டும் குறுக்குவெட்டுப் படம் இணைக்கப்படவில்லை, எனவே நிராகரிக்கப்படுகிறது.

ஒரு படத்துக்காகப் பதினைந்து மாதம். என்ன சொல்வதென்றே தெரியவில்லை.

#28 | குழிதோண்டி

நிராகரிப்பா? கையெழுத்தோடு, தேதியோடு? இதைவிட நல்ல செய்தி இந்த இழையில் இதுவரை வரவில்லை.

குறுக்குவெட்டுப் படம் ஒரு வரைவாளருக்கு அரை நாள் வேலை. அந்த நகலை நிறுவனத்துக்கு அனுப்புங்கள். சாதாரணப் புகார்ப் பெட்டியில் போடாதீர்கள், எண் எடுத்துக் கொடுத்த அந்தப் பெண்ணின் பெயருக்கே அனுப்புங்கள். மறு விண்ணப்பத்தில் பழைய எண்ணையும் குறிப்பிடச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் வரிசையில் கடைசிக்குப் போய்விடும். வரைபடத்தில் பச்சையாக இருப்பதற்கு ஆட்சேபமும் தனியாகப் போட்டுவிடுங்கள்.

#29 | மறுபக்கம்

படத்தில் அளவுகோலும் வடக்குத் திசையும் குறித்திருக்கிறதா என்று நீங்களே ஒரு முறை பார்த்துவிடுங்கள். அடுத்த நிராகரிப்பு அதற்குத்தான் வரும். நானே அப்படித் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

#30 | பாதிவழி

பார்த்துவிட்டேன் சார், வடக்கு இல்லை! திருத்தச் சொல்லியிருக்கிறேன். புதிய எண் கிடைத்ததும் இங்கே எழுதுகிறேன்.

இன்னொன்று, இன்று காலை போகும்போது பார்த்தேன். ஆரஞ்சுக் குழாயின் வாயில் இருந்த பழைய பையை எடுத்துவிட்டுப் புதிதாக டேப் சுற்றியிருக்கிறார்கள்.